கொலஸ்ட்ரால் ஏறியது டப்பாவிலிருந்தா, தம்ளரிலிருந்தா? ஒரு நிகழ்வு ஆய்வு

கொங்கு வட்டாரத்தில் உணவு ஆலோசனை தரும் கிளினிக் ஒன்றில் பதிவான நிகழ்வு இது. சம்பந்தப்பட்டவரின் அனுமதியோடு எழுதுகிறேன். அடையாளம் தெரியக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

பின்னணி

48 வயது ஆண். திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை. காலை ஒன்பதரைக்கு நாற்காலியில் உட்கார்ந்தால் இரவு எட்டுக்குத்தான் எழுந்திருப்பார். புகை, மது எதுவும் கிடையாது. ரத்த அழுத்தம் சரியாக இருக்கிறது. அப்பாவுக்கு 58 வயதில் பைபாஸ் நடந்திருக்கிறது. உயரம் 170 செ.மீ., எடை 82 கிலோ.

ஜனவரியில் ஜிம்மில் சேர்ந்தார், புரோட்டீன் பவுடரும் குடிக்க ஆரம்பித்தார். ஜூலையில் அலுவலகத்தில் நடந்த ஆண்டுப் பரிசோதனையில் மொத்தக் கொலஸ்ட்ரால் 251, எல்.டி.எல். (கெட்ட கொலஸ்ட்ரால்) 178, எச்.டி.எல். (நல்ல கொலஸ்ட்ரால்) 43, ட்ரைகிளிசரைடு (ரத்தத்தில் உள்ள இன்னொரு வகைக் கொழுப்பு) 150 என்று வந்தது. முந்தைய வருடம் எல்.டி.எல். 138தான். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி 5.9, அதாவது சர்க்கரை நோயின் வாசற்படி. தைராய்டு அளவு சரி. கல்லீரல் என்சைம்களில் எஸ்.ஜி.ஓ.டி. மட்டும் 58 என்று கொஞ்சம் தூக்கலாக இருந்தது.

உடம்பைக் கவனிக்க ஆரம்பித்த அதே வருடத்தில் கொலஸ்ட்ரால் 40 புள்ளி ஏறியிருக்கிறது. அவருக்கு இது பெரிய மனவருத்தம். வீட்டில் பழி முழுக்கப் புரோட்டீன் பவுடர் மேல் விழுந்தது. "அந்த டப்பாவைத் தூக்கிப் போடுங்கன்னு அப்பவே சொன்னேனுங்க" என்றார் மனைவி. பவுடரை விட்டால் இத்தனை மாத உழைப்பும் கரைந்துவிடும் என்பது ஜிம் பயிற்சியாளரின் கட்சி. மருத்துவர் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாடின் மாத்திரையைப் பற்றிப் பேசினார். இவர் மூன்று மாதம் அவகாசம் கேட்டார். எல்.டி.எல். 190ஐத் தாண்டியிருந்தால் மருத்துவர் ஒப்புக்கொண்டிருக்க மாட்டார். தாண்டாததாலும் ரத்த அழுத்தம் சரியாக இருந்ததாலும் சம்மதித்து, எங்களிடம் அனுப்பி வைத்தார்.

வந்து உட்கார்ந்ததும் அவர் கேட்டது ஒரே கேள்வி. "மேடம், கொலஸ்ட்ரால் இல்லாத பவுடர் எது? அதை மட்டும் சொல்லுங்க, மாத்திக்கிறேன்."

கவனித்தவை

பிராண்டு பெயர் எதையும் நான் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் சேர்த்து நான்கு நாள் சாப்பாட்டை எழுதி வரச் சொன்னேன். பவுடர் டப்பாவையும், அதைக் கலக்கிக் குடிக்கும் பாத்திரத்தையும் கையோடு எடுத்து வரச் சொன்னேன். இரண்டாவது சந்திப்பில் மேசை மேல் டப்பா, ஷேக்கர், ஒரு ஆரஞ்சு நிறப் பால் பாக்கெட், ஒரு நிலக்கடலை வெண்ணெய் பாட்டில் எல்லாம் வரிசையாக உட்கார்ந்திருந்தன.

டப்பாவில் இருந்தது வே கான்சென்ட்ரேட், அதாவது பாலைத் திரித்தபின் மிஞ்சும் நீரிலிருந்து எடுக்கும் புரதப் பவுடர். ஒரு ஸ்கூப் 33 கிராம். அதில் புரதம் 24 கிராம், நிறைவுற்ற கொழுப்பு 1.2 கிராம், கொலஸ்ட்ரால் 60 மி.கி. என்று போட்டிருந்தது. அவர் கண்ணில் பட்டது கடைசி எண் மட்டும்தான். நாளுக்கு மூன்று ஸ்கூப், ஆக 180 மி.கி. பயப்படத் தோன்றும் எண்தான்.

நாட்குறிப்பைப் பிரித்தபோது வேறு கதை தெரிந்தது. காலை ஐந்தரைக்கு வெண்ணெய் போட்ட காபி. ஜிம்மில் யாரோ சொல்லிக் கொடுத்தது, ஒரு மேசைக்கரண்டி வெண்ணெய். உடற்பயிற்சி முடிந்ததும் முழுக் கொழுப்புப் பாலில் இரண்டு ஸ்கூப், மாலையில் மறுபடி பாலில் ஒரு ஸ்கூப். பால் மட்டும் நாளுக்கு அரை லிட்டர். "கார்போ வேண்டாம்" என்று இட்லி, தோசையை நிறுத்திவிட்டு, அந்த இடத்தில் நான்கு முழு முட்டையை மரச்செக்குத் தேங்காய் எண்ணெயில் பொரித்துச் சாப்பிட்டிருக்கிறார். இரவில் சாதத்துக்குப் பதில் 100 கிராம் பனீர்.

கணக்கு அவருடைய தொழில் என்பதால் கூட்டலை அவரையே போடச் சொன்னேன். ஆரஞ்சு பாக்கெட் பாலில் கொழுப்பு 6 சதவீதம். அரை லிட்டருக்கு 30 கிராம் கொழுப்பு, அதில் நிறைவுற்றது 19 கிராம் அளவு. பனீரில் 13. தேங்காய் எண்ணெயில் 12. வெண்ணெயில் ஏழரை. முட்டைகளில் ஆறரை. மூன்று ஸ்கூப் பவுடரில் 3.6. மொத்தம் 60 கிராமுக்குக் கொஞ்சம் மேலே. அவர் வயதுக்கும் வேலைக்கும் நாளுக்கு 2,000 கலோரி என்று வைத்தால், உலக சுகாதார நிறுவனத்தின் 10 சதவீத வரம்புப்படி 22 கிராம் வரை போகலாம். எல்.டி.எல். குறைய வேண்டியவர்களுக்கு அமெரிக்க இதயச் சங்கம் சொல்லும் அளவு 13 கிராம்தான்.

பேனாவைக் கீழே வைத்துவிட்டு, பவுடருக்கு நேராக எழுதியிருந்த 3.6ஐயே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாப்பாட்டில் நேரடியாக வரும் கொலஸ்ட்ராலை விட நிறைவுற்ற கொழுப்புதான் பெரும்பாலானவர்களின் எல்.டி.எல்.லை அதிகம் ஏற்றுகிறது. கல்லீரல் ரத்தத்திலிருந்து எல்.டி.எல்.லை உள்ளே இழுக்கும் வேகத்தை அது மந்தமாக்குகிறது. அமெரிக்க அரசின் உணவு வழிகாட்டி 2015ஆம் ஆண்டுப் பதிப்பில் நாளுக்கு 300 மி.கி. கொலஸ்ட்ரால் என்ற பழைய வரம்பை எடுத்துவிட்டு, நிறைவுற்ற கொழுப்பின் வரம்பை அப்படியே வைத்துக்கொண்டதும் இதனால்தான். அதற்காக நாலு மஞ்சள் கரு பரவாயில்லை என்று ஆகிவிடாது. ஒரு மஞ்சள் கருவில் 186 மி.கி. என்றால் நாலில் 750க்குப் பக்கம். சிலருடைய உடம்பு இதற்கு அதிகமாகவே எதிர்வினை காட்டும். ஆனால் டப்பாவின் 180ஐப் பார்த்துப் பயந்தவர் முட்டையின் 750ஐ கவனிக்கவே இல்லை. முட்டையில்தான் லேபிள் கிடையாதே.

புரதத்தையும் கூட்டினோம். நாளுக்கு 155 கிராம் போய்க்கொண்டிருந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2020இல் வைத்த பரிந்துரை ஒரு கிலோ எடைக்கு 0.83 கிராம், அவருக்கு 68 கிராம். பளு தூக்குகிறவர், எடையும் குறைக்க வேண்டியவர் என்பதால் 100 கிராம் வைத்துக்கொள்ளலாம். மீதி 55 கிராமுக்கு அவர் உடம்பில் ஒரு வேலையும் இல்லை. அந்தப் புரதத்தோடு பாலும் பனீரும் கொழுப்பைத்தான் கூட்டிக்கொண்டு வந்தன.

என்சைம் விஷயம் தனி. ரத்தம் கொடுத்ததற்கு முந்தின நாள் அவருக்குக் கால் பயிற்சி. படியிறங்க முடியாத அளவுக்கு வலி இருந்ததாகச் சொன்னார். எஸ்.ஜி.ஓ.டி. கல்லீரலில் மட்டுமல்ல, தசையிலும் இருக்கிறது. கடுமையான பயிற்சிக்குப் பிறகு சில நாள் அது ஏறியே நிற்கும். கல்லீரலோடு நெருக்கமான ஜி.ஜி.டி. என்ற என்சைம் சரியாக இருந்ததும் தசைப் பக்கமே கை காட்டியது.

எடுத்த தீர்மானங்களும் காரணங்களும்

முதலில், பவுடர் தேவையா? 100 கிராம் புரதத்தைச் சாப்பாட்டிலேயே கொண்டுவர முடியும். 2024இல் ஐ.சி.எம்.ஆர்.-தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டியும் உடம்பு ஏற்றுவதற்காகப் பவுடர் வேண்டாம் என்றுதான் சொல்கிறது. இதைச் சொன்னதும் அவர் முகம் வாடிவிட்டது. ஜிம் முடிந்து நேராக அலுவலகம் போகிறவர் அவர். அந்த ஒரு வேளைக்கு வேறு வழியில்லை என்றால் போண்டா கடைதான். ஆகவே ஒரு ஸ்கூப்பை விட்டுவைத்தோம். இது சமரசம்தான். ஆனால் எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டால் ஆள் மூன்றாவது வாரம் வரமாட்டார் என்பதையும் யோசிக்க வேண்டியிருந்தது.

அப்புறம், எந்தப் பவுடர்? என் மனதில் முதலில் இருந்தது சோயா. தாவரம் என்பதால் கொலஸ்ட்ரால் இல்லை. நாளுக்கு 25 கிராம் சோயா புரதம் எல்.டி.எல்.லை 3-4 சதவீதம் குறைப்பதாக ஆய்வுகளின் தொகுப்பு சொல்கிறது. பலன் சிறியதுதான். இதயத்துக்கு நல்லது என்று சோயா பாக்கெட்டில் போட 1999இல் அனுமதித்த அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமே 2017இல் அதைத் திரும்பப் பெறலாமா என்று யோசித்தது. இவர் ஏற்கெனவே ஒரு தடவை சோயா பவுடர் வாங்கி, வாடை பிடிக்காமல் அலமாரியில் போட்டுவைத்திருந்தார். குடிக்காத பவுடரால் எந்த எல்.டி.எல்.லும் குறையப்போவதில்லை.

தாவரப் பவுடர் ஒன்றை அவரே தேடிக் கண்டுபிடித்திருந்தார். முகப்பில் பெரிய எழுத்தில் "கொலஸ்ட்ரால் இல்லை". கைபேசியில் லேபிளைப் பெரிதாக்கிக் காட்டச் சொன்னேன். பட்டாணிப் புரதத்துக்கு அடுத்த இடத்தில் தேங்காய்ப்பால் பவுடர் இருந்தது. ஒரு ஸ்கூப்பில் நிறைவுற்ற கொழுப்பு 4 கிராம், அவர் வைத்திருந்த வேயைப் போல மூன்று மடங்குக்கும் மேல். தாவரத்திலிருந்து வருவது எதிலும் கொலஸ்ட்ரால் இருக்காது என்பதால் அந்த முகப்பு வாசகம் பொய்யில்லை. வாங்குகிறவருக்கு அதனால் பிரயோஜனமும் இல்லை.

கடைசியில் வே ஐசொலேட் என்று முடிவானது. கான்சென்ட்ரேட்டில் புரதம் 80 சதவீதம் அளவு இருக்கும். மீதியில் கொழுப்பும் லாக்டோஸ் என்ற பால் சர்க்கரையும் வரும். ஐசொலேட்டை இன்னும் வடிகட்டி 90 சதவீதத்துக்குக் கொண்டுபோகிறார்கள். அவர் தேர்ந்த டப்பாவில் 30 கிராம் ஸ்கூப்புக்குப் புரதம் 26 கிராம், கொழுப்பு அரை கிராமுக்கும் கீழே, கொலஸ்ட்ரால் 10 மி.கி.க்குள். விலை கூடுதல்தான், ஆனால் மூன்று ஸ்கூப் ஒன்றாகக் குறைந்ததால் மாதச் செலவு ஏறவில்லை. நேர்மையாகச் சொன்னால், கான்சென்ட்ரேட்டையே ஒரு ஸ்கூப் தண்ணீரில் குடித்திருந்தாலும் எல்.டி.எல்.லில் பெரிய வித்தியாசம் வந்திருக்காது. அந்த 60 மி.கி. என்ற எண் அவர் மனதை விட்டுப் போக வேண்டும் என்பதும் ஐசொலேட்டுக்கு ஒரு காரணம்.

ஸ்கூப் கணக்கில் ஏமாறாமல் இருக்க, 100 கிராமுக்கு எவ்வளவு என்ற பத்தியை மட்டும் வைத்து ஒப்பிடச் சொன்னேன். சில டப்பாவில் ஸ்கூப் 30 கிராம், சிலவற்றில் 40. சேர்மானப் பட்டியலில் கிளைசின், டாரின் போன்ற அமினோ அமிலங்கள் தனியாகச் சேர்க்கப்பட்டிருந்தால் அதைத் தள்ளிவிட வேண்டும். ஆய்வகத்தில் புரதத்தை அளப்பது பெரும்பாலும் நைட்ரஜனை வைத்து. மலிவான அமினோ அமிலத்தைக் கலந்தால் எண் தானாக ஏறிவிடும். பழைய டப்பாவை ஜிம்மில் பில் இல்லாமல் வாங்கியிருந்தார். 2024இல் இந்தியச் சந்தையின் 36 பவுடர்களைச் சோதித்து வெளியான ஓர் ஆய்வில், சுமார் 70 சதவீதத்தில் லேபிள் சொன்ன புரத அளவு தப்பாக இருந்தது. இதைக் காட்டிய பிறகு, பில்லும் இறக்குமதியாளர் ஸ்டிக்கரும் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண்ணும் இல்லாமல் வாங்குவதில்லை என்று அவரே சொல்லிவிட்டார்.

கலக்குவது எதில்? தண்ணீரில் என்றேன். முகத்தைச் சுளித்தார். இந்த இடத்தில் உதவியவர் அவர் மனைவி. "வாசனை போடாத பவுடரா வாங்கி நீர்மோர்ல அடிச்சுக் குடிக்கட்டுமுங்களே" என்றார். கடைந்து வெண்ணெய் எடுத்த மோர், உப்பு, கொத்தமல்லி, கூடவே ஒரு ஸ்கூப். பயிற்சியாளர் சிரித்தாராம். ஆனால் அதற்கப்புறம் ஒருநாளும் அது தவறவில்லை. எனக்கு இது தோன்றியே இருக்காது.

சாப்பாட்டில் மாற்றியது வெளிப்படையானதுதான். வெண்ணெய்க் காபி போனது. ஆரஞ்சு பாக்கெட் நீலமானது, அளவும் 200 மி.லி.யாகக் குறைந்தது. தேங்காய் எண்ணெய்க்குப் பதில் கடலை எண்ணெய், அதுவும் அளந்து. செக்கில் ஆட்டினாலும் தேங்காய் எண்ணெயில் பெரும்பகுதி நிறைவுற்ற கொழுப்புதான் என்பதை அவர் மாமியார் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. வீட்டில் இரண்டு தாளிப்பு நடந்தது. முட்டை, ஒரு முழுசும் மூன்று வெள்ளையும் என்று ஆனது. இட்லி மூன்று திரும்பி வந்தது, சாம்பார் தாராளமாக. மாலையில் சுண்டல். பனீர் இருந்த இடத்தில் 30 கிராம் மீல்மேக்கர், அதில் 15 கிராம் புரதம். பவுடராக வேண்டாம் என்ற சோயாவைக் குழம்பில் அவர் கேள்வி கேட்காமல் சாப்பிட்டார். படுக்கும் முன் இசப்கோல் என்ற நார்ச்சத்து, நாளுக்கு 10 கிராம் வரை. தொடர்ந்து எடுத்தால் எல்.டி.எல். 5 முதல் 10 சதவீதம் இறங்கும் என்பது நன்றாக நிறுவப்பட்ட ஒன்று.

பயிற்சியாளரையும் ஒருநாள் கூப்பிட்டுப் பேசினோம். இவர் மேல் அக்கறை உள்ளவர். "அண்ணா, ரெட் ஈஸ்ட் ரைஸ் கேப்சூல் போட்டா மாத்திரையே வேண்டாம்" என்று சொல்லியிருந்தார். அதில் இருக்கும் மோனகோலின் கே என்பது லோவாஸ்டாடின் என்ற ஸ்டாடின் மருந்தேதான். கேப்சூலுக்குக் கேப்சூல் அளவு மாறும். ஸ்டாடின் வேண்டுமென்றால் மருத்துவர் எழுதித் தரட்டும் என்று அதை வெட்டிவிட்டோம்.

இத்தனையையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது வேலை செய்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது. தெரிந்தேதான் செய்தோம். அப்பாவுக்கு இதய நோய், இவருக்கு 178. ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்க அவகாசம் இல்லை. மருத்துவர் கூடுதலாக லிப்போபுரோட்டீன்-ஏ (இதய நோய் அபாயத்தைக் கூட்டும் ஒரு ரத்தக் கொழுப்புத் துகள்) பரிசோதனையும் எழுதினார்.

பிறகு நடந்தது

ஆகஸ்ட் நடுவில் ஐந்து நாள் ஜிம்முக்கு விடுப்பு விட்டுவிட்டு ரத்தம் கொடுத்தார். எஸ்.ஜி.ஓ.டி. 27. பவுடர் கல்லீரலைக் கெடுத்துவிட்டது என்ற வீட்டுப் பேச்சு அதோடு ஓய்ந்தது.

புரட்டாசி பிறந்ததும் முட்டை நின்றது. சொல்லாமலே பனீர் உள்ளே வந்துவிட்டது. "சனிக்கிழமை விரதத்துக்கு வேற என்னங்க செய்யறது" என்று மனைவி கேட்டது நியாயமான கேள்வி. பொட்டுக்கடலை மாவில் அடை, பாசிப்பயறு தோசை, மீல்மேக்கர் என்று ஒரு மாதத்துக்குப் பட்டியல் போட்டுக் கொடுத்தோம். பனீர் வாரத்துக்கு ஒருநாள் என்று நின்றது.

இன்னொன்றும் இந்தச் சமயத்தில் தெரியவந்தது. மனைவிக்குத் தைராய்டு மாத்திரை உண்டு. அதைப் போட்ட அரை மணி நேரத்திலேயே, மிச்சமாகக் கூடாதென்று பழைய டப்பாப் பவுடரைப் பாலில் கலந்து குடித்துக்கொண்டிருந்தார். பாலின் கால்சியமும், அதேபோல் சோயாவும், அந்த மாத்திரை உடலில் சேர்வதைத் தடுக்கும். நான்கு மணி நேர இடைவெளி விடச் சொன்னோம்.

தீபாவளிப் பலகாரம் வீட்டுக்குள் வருவதற்கு முன்பே, பன்னிரண்டு வாரம் முடிந்த கையோடு பரிசோதனை. எல்.டி.எல். 142, எச்.டி.எல். 42, ட்ரைகிளிசரைடு 140, மொத்தம் 212. எடை 79 கிலோ. பளு தூக்கும் அளவு குறையவில்லை என்று பயிற்சியாளர் சொன்னார். நாளுக்கு 60 கிராமாக இருந்த நிறைவுற்ற கொழுப்பு 15 கிராம் அளவுக்கு வந்திருந்தது.

178லிருந்து 142 என்பது நல்ல இறக்கம். ஆனால் போன வருடம் அவர் நின்ற இடமும் ஏறக்குறைய அதுதான். ஜிம்மோடு சேர்ந்து வந்தது ஜிம் சாப்பாட்டோடு போய்விட்டது. அடியில் இருந்தது அப்படியே இருக்கிறது. லிப்போபுரோட்டீன்-ஏ 68 மி.கி. என்று வந்தது; 50க்கு மேல் இருந்தால் அபாயம் கூடுதல் என்று கணக்கு. பரம்பரையாக வருவது அது. எந்தப் பவுடரை மாற்றினாலும், எவ்வளவு ஓடினாலும் அசையாது. குடும்ப வரலாறு, சர்க்கரையின் வாசற்படி, இது, மூன்றையும் சேர்த்துப் பார்த்து மருத்துவர் ரோசுவாஸ்டாடின் என்ற ஸ்டாடின் மாத்திரையை 10 மி.கி. அளவில் தொடங்கினார்.

அவருக்கு இது தோல்வியாகத்தான் பட்டது. "அப்ப நான் செஞ்சதெல்லாம் எதுக்குங்க மேடம்?" என்றார். மருத்துவர் அதே எண்களை வைத்துப் பதில் சொன்னார். 178லிருந்து இறக்குவதற்கும் 142லிருந்து இறக்குவதற்கும் மருந்தின் அளவு ஒன்றல்ல. இரண்டு மாதம் கழித்து எல்.டி.எல். 79. நடுவில் தொடையில் வலி என்று பயந்து ஒரு வாரம் மாத்திரையை நிறுத்தினார். விசாரித்தால் அந்த வாரம்தான் ஸ்குவாட்டில் எடை ஏற்றியிருக்கிறார். மறுபடி தொடங்கியபோது வலி வரவில்லை. நீர்மோர் ஸ்கூப் இன்றும் தொடர்கிறது.

அடுத்த முறைக்கு

புரோட்டீன் பவுடர் எடுக்கிறவர்களிடம் முதல் தொலைபேசி அழைப்பிலேயே டப்பாவோடு, கலக்கும் தம்ளரையும் பால் பாக்கெட்டின் நிறத்தையும் கேட்டுவிடுகிறோம். பரிசோதனைக்கு முன் ஐந்து நாள் பளு தூக்க வேண்டாம் என்று சேர்த்தே சொல்கிறோம். என்சைம் குழப்பத்தில் வீணான வாரங்கள் இதில் மிஞ்சும். குடும்பத்தில் இதய நோய் இருந்தால் லிப்போபுரோட்டீன்-ஏயை மூன்று மாதம் கழித்துப் பேசாமல் முதல் ரத்தத்தோடே பார்த்துவிடலாமா என்று மருத்துவரிடம் கேட்கிறோம். அந்த எண் முன்னமே தெரிந்திருந்தால், மாத்திரை என்ற பேச்சு வந்தபோது அவர் அவ்வளவு உடைந்திருக்க மாட்டார் என்பது என் எண்ணம். வீட்டில் அந்த டப்பாவைத் திறக்கும் மற்றவர்கள் என்னென்ன மருந்து எடுக்கிறார்கள் என்பதும் இப்போது படிவத்தில் ஒரு வரி.

அவர் மகனுக்கு 19 வயது, அதே ஜிம், அதே ஆரஞ்சு பாக்கெட். அப்பாவிடம் கண்டது பரம்பரையாக வருவது என்பதால் மகனையும் ஒருமுறை பரிசோதிக்கச் சொல்லியிருக்கிறார் மருத்துவர். செமஸ்டர் விடுமுறையில் கூட்டி வருவதாகச் சொன்னார்கள். இதை எழுதும்வரை வரவில்லை.